வராமல் போன குழந்தைகளை யார் எண்ணுவது?

கேள்வி: கொங்கு மண்டலத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் குழந்தைகள் மருத்துவமனையில் பல ஆண்டுகளாகக் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். நீலகிரி, வால்பாறை, திருப்பூர், பாலக்காட்டு எல்லை என்று பல பக்கங்களிலிருந்தும் எங்களிடம் குழந்தைகள் வருகிறார்கள். போன மாதம் நிர்வாகம் ‘எல்லாக் குழந்தைகளுக்கும் சமமான சிகிச்சை’ என்று ஒரு குழு அமைத்து, என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறது. தனி நிதி எதுவும் ஒதுக்கவில்லை. இலவச முகாம் ஏற்கெனவே நடத்துகிறோம், ஏழைகள் நிதியும் இருக்கிறது. சீனியர் டாக்டர்களும் சிஸ்டர்களும், “நாம யாரையும் பிரிச்சுப் பார்க்கிறதில்லையே, இதுல புதுசா என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்கிறார்கள். எனக்கும் சரியான பதில் தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள டாக்டர்,

உங்கள் சிஸ்டர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். வார்டுக்குள் வந்துவிட்ட குழந்தையை அவர்கள் வேண்டுமென்றே பிரித்துப் பார்ப்பதில்லை. சிக்கல் இருப்பது வரவே வராத குழந்தையிடமும், ஒரு தடவை வந்துவிட்டு மறுபடி வராத குழந்தையிடமும். அந்தக் குழந்தை யார் கண்ணிலும் படுவதில்லை. அதனால் அதைக் கைவிட்டோம் என்ற எண்ணமும் யாருக்கும் வருவதில்லை. உங்கள் குழு முதலில் செய்ய வேண்டியது அந்தக் குழந்தையைக் கணக்கில் கொண்டுவருவது. முகாம், போஸ்டர், உறுதிமொழி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்குப் பணம் வேண்டாம். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவிலிருந்து போன வருடத்துப் பட்டியல் மூன்று கேளுங்கள்: ஏ.எம்.ஏ. (டாக்டர் சொல்லியும் கேளாமல் போகிறோம் என்று) எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள், சொல்லாமல் போனவர்கள், ரிவ்யூ தேதி கொடுத்தும் வராதவர்கள். மூன்றாவது பட்டியல் அநேகமாக இருக்காது. வந்தவர்களின் பெயரைத்தான் எல்லா மருத்துவமனையும் எழுதி வைக்கும். அதை நீங்களே உருவாக்க வேண்டியிருக்கும். எல்லா நோய்க்கும் செய்யப் போனால் மூச்சு முட்டும், எனவே இரண்டே இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரைப் பொறுத்தவரை நான் எடுப்பது இவற்றைத்தான்.

ஒன்று, குறைமாதக் குழந்தைகளின் விழித்திரைப் பரிசோதனை. இவர்களுக்கு விழித்திரை ரத்தக்குழாய்கள் சரியாக வளராமல் பார்வை போய்விடக்கூடும். 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்குப் பிறந்து 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடந்தாக வேண்டும், மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்பே என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சிகிச்சை தேவைப்படும் கட்டம் வந்துவிட்டால் கையில் இருப்பது இரண்டு மூன்று நாட்கள்தான். வென்டிலேட்டரில் வைத்து, லட்சக்கணக்கில் செலவழித்துக் காப்பாற்றிய குழந்தை ஒரு ரிவ்யூ தவறியதால் பார்வையை இழக்கும். நகரத்துக் குழந்தை தவறுவது குறைவு. நீலகிரிப் பந்தலூரிலிருந்து நான்கைந்து மணி நேரம் மலைப் பேருந்தில் வர வேண்டிய தாய், பிரசவமாகி ஒரு மாதம்கூட ஆகாத உடம்போடு, மூத்த பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டுத்தான் கிளம்ப முடியும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிட்டு, “சொன்னோமே, வரல” என்று நாம் முடித்துக்கொள்கிறோம். கர்நாடகத்தில் 2008-இல் தொடங்கிய ‘கிட்ராப்’ திட்டம் இதைத் தலைகீழாகச் செய்தது. பயிற்சி பெற்ற தொழில்நுட்பப் பணியாளர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு மாவட்டப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்கே போனார்கள், படங்களைக் கண் மருத்துவர் பெங்களூரில் உட்கார்ந்து பார்த்தார். அவ்வளவு பெரிதாக நீங்கள் தொடங்க வேண்டாம். டிஸ்சார்ஜ் தேதியை ஒட்டியே முதல் பரிசோதனையை முடிக்க முடியுமா, அடுத்த பரிசோதனையைத் தடுப்பூசி நாளோடு சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.

இரண்டாவது, அரிவாள் செல் ரத்தசோகை, அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய். இந்தியாவில் இந்த நோய்க்கூறு முதன்முதலில் பதிவானதே 1952-இல், உங்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். எழுபது வருடத்துக்கு மேல் கழித்து, 2023 ஜூலையில் மத்திய அரசு தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் நமக்கு மருந்து தெரியாமல் இல்லை. இந்த நோயுள்ள சிறு குழந்தைகளுக்குத் தினம் இருவேளை பென்சிலின் கொடுத்தால் உயிரைப் பறிக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியாத் தொற்று 84 சதவீதம் குறைகிறது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 1986-லேயே காட்டிவிட்டது. மலிவான மருந்து. கஷ்டம் அது தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதில்தான். மாதம் ஒரு தடவை கோவை பக்கம் வந்து சீட்டு வாங்கிப் போ என்று சொல்வது, கூலி வேலை செய்யும் குடும்பத்திடம் வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். மூன்று மாத மருந்தைக் கையில் கொடுக்க உங்கள் பார்மசி விதி அனுமதிக்கிறதா? கூடலூரில் ஆதிவாசிப் பெண்களுக்கே நர்ஸ் பயிற்சி கொடுத்து, அவர்களை வைத்தே நடக்கும் ‘அஸ்வினி’ ஆதிவாசி மருத்துவமனை இருக்கிறது. இந்தக் குழந்தைகளை உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மாத்திரையை அங்கே வாங்கிக்கொள்ளவும், நெருக்கடி வந்தால் மட்டும் உங்களிடம் வரவும் ஓர் ஏற்பாடு பேசுங்கள். பெரிய மருத்துவமனையின் தலைவர் சிறிய மருத்துவமனையிடம் போய்க் கற்றுக்கொள்வதில் தப்பே இல்லை. நம் துறையில் இதற்கு மட்டும் கூச்சம் அதிகம்.

பட்டியலைப் பிரிக்கும்போது மாவட்டத்தோடு நிற்காதீர்கள், பின்கோடோடும் நிற்காதீர்கள். அமெரிக்காவில் ஃபிளின்ட் நகரத்தில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க அந்த நகரத்தின் குடிநீரை ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கவில்லை, பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் கலந்தது. மக்கள் புகார் சொன்னார்கள், அரசு மறுத்தது. ஹர்லி மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அடிஷா, தன் மருத்துவமனைக் கணினியில் ஏற்கெனவே கிடந்த ரத்தப் பரிசோதனை முடிவுகளை எடுத்து, தண்ணீர் மாறுவதற்கு முன், பின் என்று பிரித்தார். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் ஈயம் கூடுதலாக இருந்த குழந்தைகள் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 ஆகியிருந்தார்கள். மோசமான பகுதிகளில் 4 சதவீதம் 10.6 ஆகியிருந்தது. அரசின் கணக்கில் இது தெரியாமல் போனதற்கு ஒரு காரணம், அவர்கள் பின்கோடு வாரியாகப் பார்த்தது. நகரத்துக்கு வெளியே, வேறு தண்ணீர் குடித்த வீடுகளும் அதே பின்கோடுகளில் இருந்தன. நல்ல தண்ணீர் குடித்த குழந்தைகள் கெட்ட தண்ணீர் குடித்தவர்களின் கணக்கை மூடி மறைத்துவிட்டார்கள். புவியியலாளர் ஒருவரின் உதவியோடு வீட்டு முகவரி வாரியாகப் பார்த்தபோது படம் தெளிவானது. 2015 செப்டம்பர் 24 அன்று அவர் ஊடகங்களிடம் அதை வெளியிட்டார். முதலில் கேலி செய்த அதிகாரிகள் சில நாட்களில் ஒப்புக்கொண்டார்கள். அக்டோபரில் நகரம் பழைய தண்ணீருக்குத் திரும்பியது.

உங்கள் ரிஜிஸ்டரில் ‘நீலகிரி’ என்று ஒரே சொல்லில் ஊட்டி டவுன் வியாபாரியின் பிள்ளையும் பந்தலூர்க் காட்டோரப் பணியர் பழங்குடிக் குழந்தையும் அடங்கிவிடுகிறார்கள். ‘திருப்பூர்’ என்றால் சொந்த வீட்டுக்காரரும், கம்பெனி அறையில் ஆறு பேரோடு தங்கியிருக்கும் பீகார்க் குடும்பமும் ஒன்று. மாநிலத்துக்கும் இதே கதைதான். 2020-இல் இந்தியாவின் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 28, தமிழ்நாட்டில் 13. பெருமைப்பட வேண்டிய எண்தான், ஆனால் அந்தச் சராசரியைக் காட்டி நம்மை நாமே தூங்க வைத்துக்கொள்ளவும் முடியும். அதே தமிழ்நாட்டில், ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

எனவே ரிஜிஸ்ட்ரேஷனில் நான்கு கேள்விகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: எந்தக் குடியிருப்பு அல்லது எஸ்டேட், வீட்டில் என்ன மொழி, இங்கே வர எவ்வளவு நேரம் ஆனது, கூப்பிட இரண்டாவது ஃபோன் நம்பர் எது. கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் தரும் முதல் நம்பர் பல சமயம் மேஸ்திரியுடையதாக இருக்கும். அங்கன்வாடிப் பணியாளர் அல்லது கிராம சுகாதார செவிலியர் நம்பர் கிடைத்தால் குழந்தையைப் பிடித்துவிடலாம்.

சாதியைக் கேட்கலாமா என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். என் கருத்து, கவுன்டரில் கேட்கக் கூடாது. நாலு பேர் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டாலே அடுத்த தடவை வராமல் போவார்கள் சிலர். சாதிக்கு வார்டில் இடமில்லை என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. யாரை ‘நீ, வா, போ’ என்று கூப்பிடுகிறார்கள், யாரை ‘வாங்க’ என்கிறார்கள் என்று ஓ.பி.யில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். அதைப் பதிவேட்டில் பிடிக்க முடியாது, மேற்பார்வையில்தான் பிடிக்க வேண்டும். செக்யூரிட்டியிலிருந்து தொடங்குங்கள்.

“நாம பிரிச்சுப் பார்க்கிறதில்லை” என்பதற்கு வருவோம். அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளின் பதிவுகளை வைத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. குடல்வால் அழற்சி என்று உறுதியான குழந்தைகளில் வெள்ளையர்களில் 34 சதவீதம் பேருக்கு ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வலி மருந்து கொடுத்திருந்தார்கள், கறுப்பினக் குழந்தைகளில் 12 சதவீதம் பேருக்கு மட்டும். அந்த டாக்டர்களில் யாரைக் கேட்டாலும் உங்கள் சிஸ்டர்கள் சொன்னதையேதான் சொல்லியிருப்பார்கள். ரொம்ப தூரம் போக வேண்டாம். டெல்லி எய்ம்ஸில் இதய அறுவை சிகிச்சை தேவை என்று சொல்லப்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்தபோது, ஓராண்டில் ஆண் குழந்தைகளில் 70 சதவீதம் பேருக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது, பெண் குழந்தைகளில் 44 சதவீதம் பேருக்கு. இங்கே முடிவு எடுத்தது வீடு. ஆனால் எந்த வீட்டைத் திரும்பக் கூப்பிட்டுப் பேசுவது என்பது மருத்துவமனையின் முடிவு. உங்கள் கார்டியாலஜி காத்திருப்புப் பட்டியலில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, ஒவ்வொருவரும் எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மத்தியான வேலை.

மொழி விஷயத்தில் நாம் அலட்சியமாக இருக்கிறோம். இந்தி பேசும் தாய்க்கு வார்டு பாய் மொழிபெயர்ப்பார், இல்லாவிட்டால் பக்கத்துப் படுக்கைக்காரர். அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனை ஓ.பி. ஒன்றில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களின் 13 சந்திப்புகளைப் பதிவு செய்து கேட்டார்கள். சராசரியாக ஒரு சந்திப்புக்கு 31 மொழிபெயர்ப்புத் தவறுகள், அவற்றில் 63 சதவீதம் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. முழுநேர மொழிபெயர்ப்பாளர் உங்களால் முடியாது, சரி. இந்தி, வங்காளம், ஒடியா, மலையாளம் தெரிந்த ஊழியர்கள் யார் யார் என்று ஷிஃப்ட் வாரியாக ஒரு பட்டியல் போடுங்கள். அவர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி, மாதம் ஒரு சிறிய படி கொடுங்கள். மருந்து அளவைத் தாய் திருப்பிச் சொல்லிக் காட்டாமல் டிஸ்சார்ஜ் கிடையாது என்று ஒரு விதி வையுங்கள்.

அடுத்தது காசு. இந்த இடத்தில்தான் உங்கள் தலைமைக்கு உண்மையான சோதனை, ஏனென்றால் இங்கே உங்களுக்கு எதிராக நிற்கப் போவது உங்கள் சொந்த பில்லிங் பிரிவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பத்தையும் உரிய அதிகாரியின் சான்றோடு சேர்க்கலாம் என்பதும், முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களைச் சேர்க்கலாம் என்பதும் எத்தனை காப்பீட்டு டெஸ்க்குகளுக்குத் தெரியும்? மத்திய அரசுக் காப்பீடான ஆயுஷ்மான் அட்டையோடு வரும் பீகார்க் குடும்பம் அந்தத் திட்டத்தில் உள்ள மருத்துவமனையில் இங்கேயே அதைப் பயன்படுத்தலாம். “இது நம்ம ஊர் கார்டு இல்லைங்க” என்று ஒருவர் திருப்பி அனுப்பினால் அந்தக் குடும்பம் வாதாடாது. பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும். ஏ.எம்.ஏ. பட்டியலை எடுத்து, அட்மிஷன் நேரத்தைப் பாருங்கள். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் குவிந்திருந்தால் காப்பீட்டு டெஸ்க் மூடியிருக்கும் நேரத்தில் அட்வான்ஸ் கேட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். அவசரமாக வரும் குழந்தைக்கு முதல் 48 மணி நேரம் அட்வான்ஸ் கேட்பதில்லை என்று ஒரு விதியை நிர்வாகத்திடம் எழுதி வாங்க முடிந்தால், உங்கள் குழு ஒரு வருடம் வேறெதுவும் செய்யாவிட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

பின்தொடர்வதால் என்ன மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவு. 2009 வாக்கில் அங்கே சுமார் ஐந்தில் ஒரு குழந்தையின் சிகிச்சையைக் குடும்பமே மறுத்தது, அல்லது பாதியில் நிறுத்தியது. நிதி, தங்குமிடம், உணவு, ஆலோசனை, வராதவரை ஃபோனில் தேடிப் பிடிக்கும் சமூகப் பணியாளர் எல்லாவற்றையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆக்கிய பிறகு சில ஆண்டுகளில் அது ஐந்து சதவீதத்துக்கும் கீழே வந்தது. கீமோ மருந்து அதற்கு முன்பும் அங்கே இருந்ததுதான்.

மருத்துவமனைச் சுவருக்கு வெளியே எவ்வளவு தூரம் போவது என்றும் கேட்பீர்கள். சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனை 2008 முதல் இலவச சட்ட உதவி வழக்கறிஞர்களை ஓ.பி.யிலேயே உட்கார வைத்தது. 2010 கோடையில், ஜன்னல் ஏ.சி. போட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று ஆஸ்துமா குழந்தைகளின் பெற்றோர் சிலர் வந்தார்கள். டாக்டர்கள் ஒவ்வொருவராக அனுப்ப, வழக்கறிஞர்களுக்குத்தான் புரிந்தது, வீட்டுச் சொந்தக்காரர் ஒரே ஆள் என்று. அவருக்கு இருந்த கட்டடத் தொகுதிகள் 19. வாடகைதாரர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள், பல கட்டடங்களில் பழுதுபார்ப்பு நடந்தது. பின்னால் செய்த ஆய்வில், இப்படிச் சட்ட உதவிக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் அடுத்த ஓராண்டில் மருத்துவமனையில் சேர்வது 38 சதவீதம் குறைந்திருந்தது. உங்களுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் அலைந்து களைத்த பெற்றோர் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு காலை ஒரு வழக்கறிஞரை வரச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் இது இரண்டாம் ஆண்டு வேலை. முதல் ஆண்டே ஊரைத் திருத்தக் கிளம்பினால் உங்கள் சொந்த கவுன்டர் அப்படியே இருக்கும்.

இலவச முகாமைப் பற்றி ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். முகாமில் இதய முணுமுணுப்பு (இதயத்துடிப்பில் கேட்கும் கூடுதல் ஒலி) கண்டுபிடித்து, “மருத்துவமனைக்கு வாங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வருவது குடும்பத்துக்குக் கவலையை மட்டும் கொடுத்துவிட்டு வருவது. அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் (ஆர்.பி.எஸ்.கே.) நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் ஏற்கெனவே போகின்றன. கண்டுபிடிக்கும் வேலை ஓரளவு நடக்கிறது. அவர்கள் அனுப்பும் குழந்தைகளில் எத்தனை பேர் உங்களிடம் வந்து சேர்கிறார்கள் என்று அந்தக் குழுக்களோடு மாதம் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னொரு முகாமைவிட மேல். முகாம் படம் ஆண்டறிக்கைக்கு நன்றாக இருக்கும் என்பதால் நிர்வாகம் விடாது, அதுவும் எனக்குத் தெரியும்.

கடைசியாக உங்கள் பதவி. இப்போது உங்களிடம் இருப்பது பொறுப்பு மட்டும்தான், அதிகாரம் இல்லை. குழுவில் டாக்டர்களை மட்டும் போடாதீர்கள். பில்லிங் சூப்பர்வைசர், காப்பீட்டு டெஸ்க், ஒரு வார்டு இன்சார்ஜ் சிஸ்டர், மருத்துவ சமூகப் பணியாளர், இங்கே நீண்ட நாள் சிகிச்சை பார்த்த ஒரு குழந்தையின் தாய் ஆகியோர் இருக்கட்டும். அந்தத் தாய்க்கு வரும் நாளின் கூலியும் பஸ் காசும் கொடுங்கள். நிர்வாகத்திடம் மூன்று கேளுங்கள். நீங்கள் நேராக மருத்துவ இயக்குநரிடம் அறிக்கை தர வேண்டும். வார்டு தொற்று எண்ணிக்கை பேசப்படும் அதே மாதாந்திரக் கூட்டத்தில் வராமல் போன குழந்தைகளின் எண்ணிக்கையும் பேசப்பட வேண்டும். ஃபோன் செய்து தேட ஒரு முழுநேர ஆள் வேண்டும். மூன்றில் ஒன்றும் கிடைக்காது என்றால் தலைவர் பதவியை மரியாதையாக மறுத்துவிடலாம். வருடாந்திரச் சிறப்புரைக்கு மட்டும் தேவைப்படும் நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் ஓ.பி. நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அந்த முழுநேர ஆள், மொழி தெரிந்த ஊழியருக்கான படி, தாய்மாரின் பயணச் செலவு, இவற்றுக்கான தொகையை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மேலே சொன்ன பட்டியல்களில் முதல் இரண்டு மாதத்தில் கிடைத்த எண்களை அதன் பின்னால் இணையுங்கள். பிப்ரவரிக்குள் நிதி மேலாளர் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். ஏப்ரலில் கேட்டால் பட்ஜெட் முடிந்துவிட்டது என்று இன்னொரு வருடம் தள்ளிப் போடுவார்கள்.